கடைசி எட்டு மீட்டர்: சப்போரோ சிக்னல்ல எங்களுக்கு நடந்த சின்ன விபத்து, முழு நிகழ்வு ஆய்வு

முதல்லயே சொல்லிடுறேன், காடிய ஓட்டினது நான்தான். யாருக்கும் பெருசா அடி படல, முன்னாடி நின்ன காடிக்கும் பின் பம்பர்ல ஒரு விரிசலும் ஒரு லைட்டும்தான் போச்சு, ஆனா அந்தச் சாயங்காலம் நாலரை மணிக்கு என்னதான் நடந்துச்சுன்னு எனக்கு முழுசா புரியறதுக்கு சிங்கப்பூர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. மச்சான் போன்ல எடுத்த வீடியோ இருந்துச்சு, அத நானும் அவனும் நிறுத்தி நிறுத்தி எத்தன தடவ பாத்திருப்போம்னு கணக்கே இல்ல. இந்த வருஷக் கடைசி லீவுக்கு எனக்குத் தெரிஞ்சே நாலு குடும்பம் ஜப்பானோட வடக்குத் தீவு ஹொக்கைடோவுக்குப் போறாங்க, சப்போரோ அங்க இருக்குற பெரிய நகரம், நாலு பேருமே காடி வாடகைக்கு எடுத்து ஓட்டப் போறாங்க, "நீங்க போயிட்டு வந்தீங்களே, ரோடு எப்படி"ன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதி சொல்லாம மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

போனது ஆறு பேரு. நான், மனைவி, 12 வயசு மகன், 7 வயசு மக, 68 வயசுல அம்மா, மனைவியோட தம்பி. போனதே அம்மாவுக்காகத்தான். ஜூரோங்ல ஸ்னோ சிட்டிக்குப் பேரப்பிள்ளைங்களோட ஒரு தடவ போயிட்டு வந்து "இது பெரிய ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்குப்பா, வானத்துலேந்து விழறத ஒரு நாளு பாக்கணும்"னு சொன்னாங்க, அது மனசுலயே கெடந்துச்சு. அப்பா இருந்தப்ப ஊருக்குப் போறது வர்றதுன்னு திருச்சியத் தவிர அவங்க வேற எங்கயும் போனதில்ல. போன டிசம்பர்லதான் அதுக்கு வழி வந்துச்சு.

ஹொக்கைடோ ஏன்னா, அங்க ஸ்னோ விழுமா விழாதாங்குற கவலையே வேணாம். குளிர்காலத்துல சைபீரியாவுலேந்து வர்ற காத்து ஜப்பான் கடல தாண்டி வர்றப்ப ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து மலையில மோதிக் கொட்டிடும், சப்போரோங்குற அவ்வளவு பெரிய நகரத்துலயே ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியா 5 மீட்டருக்குக் கிட்ட விழுது. அதோட நம்ம சிங்கப்பூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டணும், ஸ்டியரிங்கும் வலது பக்கம். நம்ம லைசென்ஸோட ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல இன்டர்நேஷனல் பெர்மிட் ஒன்னு எடுத்துக்கிட்டா போதும், 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி குடுக்குறது, அத ஜப்பான் ஏத்துக்குது. எனக்கு லைசென்ஸ் எடுத்து 17 வருஷம், ஈப்போ, பினாங்கு, கேமரன் மலைன்னு ஓட்டாத ரோடு இல்ல. இடது பக்கம் ஓட்டுற ஊருங்குற ஒரு தைரியம், அதுவும் ஒரு காரணமோன்னு இப்பத் தோணுது, ஏன்னா எல்லாமே நம்ம ஊர் மாதிரி இருந்ததால டயருக்குக் கீழ இருக்குறது மட்டும் நம்ம ஊரு இல்லங்குறது மறந்துபோற அளவுக்கு வசதியா இருந்துச்சு.

முதல் நாலு நாளு

நியூ சிட்டோசே ஏர்போர்ட்ல எறங்கி காடிய எடுத்தோம். ஏழு பேர் உக்கார்ற வேன், நாலு சக்கரமும் இழுக்குற டைப்பு, ஸ்டட்லெஸ் டயர், அதாவது ஆணி இல்லாத குளிர்கால டயர் போட்டது. குளிர்காலத்துல அங்க வாடகைக் காடி எல்லாமே அந்த டயரோடதான் வருது. கவுன்டர்ல இருந்த பொண்ணு ஒரு தாள்ல படம் போட்டு வெளக்கினாங்க, பிரேக் சீக்கிரமே போடுங்க, ஸ்டியரிங்கத் திடீர்னு திருப்பாதீங்க, முன்னாடி காடிக்கும் உங்களுக்கும் நல்லா எடம் விடுங்க. கேட்டுக்கிட்டோம். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு எடம்னு நம்பர் கேக்கல, கேட்டிருக்கணும்.

அன்னிக்கு எக்ஸ்பிரஸ்வேல அசாஹிகாவா வரைக்கும் போனோம், சப்போரோவுலேந்து ஒரு 140 கிலோமீட்டர். நடுவுல ரோட்டோர ஓய்வு நிலையம் ஒன்னுல, அங்க மிச்சி நோ எக்கின்னு சொல்லுவாங்க, பின்னாடி பார்க்கிங் காலியா கெடந்துச்சு, அங்க போயி மச்சானும் நானும் மாத்தி மாத்தி பிரேக் அடிச்சுப் பழகினோம். 30ல வந்து ஒரே அமுக்கா அமுக்குனா, சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் வேல செஞ்சு காலுக்குக் கீழ டகடகடகன்னு அதிருது, ஒரு மூனு காடி நீளத்துல நின்னுடுது. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. "அவ்வளவுதான் மச்சான், பயப்படறதுக்கு ஒன்னுமில்ல"ன்னு அவன் சொன்னான், நானும் அப்படித்தான் நெனச்சேன். இந்தப் பார்க்கிங் லாட்ட ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்த மூனு நாளு பியே, ஃபுரானோ பக்கம். காலையில மைனஸ் 12 காட்டும், ரோடெல்லாம் அமுங்கி இறுகிப்போன ஸ்னோ, வெள்ளையா கெட்டியா, டயர் நல்லா கடிச்சுப் பிடிக்கும். ரோட்டு ஓரம் தெரியாதுன்னு கம்பத்துலேந்து செவப்பு வெள்ளை அம்புக்குறி கீழ பாத்து தொங்கும், அந்த அம்பு காட்டுற எடத்துல ரோடு முடியுதுன்னு அர்த்தம், பனிக்காத்து அடிச்சு முன்னாடி எதுவுமே தெரியாதப்ப அந்த அம்ப வச்சுதான் ஓட்டணும். சிக்னல் லைட்டெல்லாம் நம்ம ஊர் மாதிரி மேலேந்து கீழ நிக்குது, ஜப்பான்ல ஸ்னோ அதிகம் விழாத எடத்துல பெரும்பாலும் படுக்க வச்சிருப்பாங்க, இங்க மேல ஸ்னோ சேந்து கனம் ஏறக்கூடாதுன்னு நிக்க வச்சிருக்காங்க. ஷிராஹிகே அருவி அந்தக் குளிர்லயும் உறையாம நீலத் தண்ணிக்குள்ள விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

அம்மாவப் பத்திச் சொல்லாம போக முடியாது. பியேல ரெண்டாவது நாளு காலையில தங்கின வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க, கறுப்பு சால்வை போத்தியிருந்தாங்க, அப்பதான் மெதுவா விழ ஆரம்பிச்சுச்சு. சத்தமே இல்ல. அவங்க கைய நீட்டவே இல்ல, அசையாம நின்னாங்க, சால்வை மேல விழுந்தது ஒன்னு ஒன்னா தெரிஞ்சுச்சு, ஆறு மொனை, நம்ம கோலத்துல போடுற நட்சத்திரம் மாதிரியே. "யாருப்பா இத உக்காந்து வரையுறது"ன்னு கேட்டாங்க. மகன் அவன் படிச்சத சொன்னான், இந்த மாதிரி ஒரு ஸ்னோ படிகத்த உலகத்துலயே முதல் தடவையா மனுஷன் கையால செஞ்சது ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துலதான், நகாயா உக்கிச்சிரோன்னு ஒரு விஞ்ஞானி, 1936ல, முயல் முடி நுனியில வளத்தாருன்னு. அம்மா அதக் கேட்டாங்களா இல்லையான்னு தெரியல, கண்ணு கலங்கியிருந்துச்சு. விபத்துக்கு அப்புறமும் இந்தப் பயணம் வீண்னு ஒரு நிமிஷம்கூட நான் நெனைக்கல, அதுக்கு அந்தக் காலைதான் காரணம்.

அஞ்சாவது நாளு

சப்போரோவுக்குத் திரும்புறோம். அன்னிக்கு வானிலை வேற மாதிரி. மத்தியானம் பிளஸ் 1 வரைக்கும் போயிடுச்சு, ஸ்னோவும் மழையும் கலந்து சொதசொதன்னு விழுந்துச்சு, ஹைவேல நடுவுல தார் தெரிய ஆரம்பிச்சுச்சு. எனக்கு அதப் பாத்து நிம்மதியா இருந்துச்சு. டிசம்பர்ல அங்க நாலு மணிக்கே சூரியன் இறங்கிடும், நகரத்துக்குள்ள நுழையறப்ப இருட்டிடுச்சு, காடி டிஸ்பிளேல மைனஸ் 2. ஹோட்டலுக்கு இன்னும் 2 கிலோமீட்டர்தான். பின் சீட்ல பாப்பா தூங்கி வழியுறா, மச்சான் முன்னாடி உக்காந்து, தெருவிளக்கு வெளிச்சத்துல ஊரு அழகா இருக்குன்னு வீடியோ எடுத்துக்கிட்டு வரான்.

லேசான இறக்கம். தூரத்துல சிக்னல் செவப்பு, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன காடி நிக்குது, மஞ்சள் நம்பர் பிளேட்டு போட்ட அந்த ஊர்க் குட்டிக் காடி. பக்கத்து லேன்ல ஒரு டாக்சி. வீடியோ ஓரத்துல டாஷ்போர்டு நம்பர் தெரியுது, 31, 30, 30. அப்பறம் நான் பிரேக் வைக்குறேன். முதல்ல வேகம் கொறையுது, 22, 19, நாலு நாளா கொறைஞ்ச மாதிரியேதான். திடீர்னு காலுக்குக் கீழ அந்த டகடக சத்தம் மட்டும் இருக்கு, காடி பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு. அந்த ரெண்டு மூனு செகண்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வேகமா போற மாதிரியே இல்ல, மெதுவா, அமைதியா, யாரோ பின்னாடிலேந்து தள்ளிக்கிட்டுப் போற மாதிரி. மனைவி "ஏங்க, ஏங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னது வீடியோல கேக்குது. கடைசியா தெரியுற நம்பர் 8. டொக்னு ஒரு சத்தம்.

உடனே என்ன செஞ்சோம்

ஹசார்ட் லைட் போட்டேன், எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். பாப்பா அழுவுறா, கழுத்தப் புடிச்சுக்கிட்டு. அதப் பத்தி தனியா எழுதுறேன்.

நானும் மச்சானும் கதவத் திறந்து எறங்குனா நிக்க முடியல. நெஜமாவே நிக்க முடியல, கதவப் புடிச்சுக்கிட்டுதான் நின்னேன், தரை கண்ணாடி மாதிரி இருக்கு, தெருவிளக்கு அதுக்குள்ள தலைகீழா தெரியுது. அப்பதான் பயமே வந்துச்சு, நாங்க எது மேல ஓட்டிக்கிட்டு வந்திருக்கோம்னு. ரெண்டு காடிக்கு நடுவுல போயி சேதத்த குனிஞ்சு பாக்கப் போனேன், மச்சான் சட்டையப் புடிச்சு இழுத்தான், "பின்னாடி வர்றவனும் வழுக்கிக்கிட்டுதானே வருவான்". அவன் அன்னிக்கு சொன்னதுலயே பெரிய வார்த்த அதுதான். ஐஸ்ல முதல் மோதலவிட ரெண்டாவது மோதல்தான் ஆபத்து, ரெண்டு காடிக்கு நடுவுல எந்தக் காரணத்துக்கும் நிக்காதீங்க, போட்டோவ பக்கவாட்டுலேந்து எடுங்க.

முன் காடிலேந்து ஒரு வயசான அம்மா எறங்குனாங்க, அவங்க மட்டும் சர்வசாதாரணமா நடந்து வராங்க, சின்னச் சின்ன எட்டா, பாதத்த முழுசா பதிச்சு. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன், அவங்க நேரா எங்க பின் கதவு கண்ணாடி வழியா பிள்ளைங்களப் பாத்தாங்க, அப்பறம் என்னைப் பாத்து கையால "வெளிய எறக்காதீங்க, குளிரு"ன்னு சைகை காட்டுனாங்க. எங்கம்மா உள்ள உக்காந்தபடியே அவங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அவங்களும் குனிஞ்சு வணங்குனாங்க. பேசிக்க ஒரு வார்த்தகூட பொதுவா இல்லாத ரெண்டு பேரு அது.

நம்ம ஊர்ல இந்த மாதிரி யாருக்கும் அடி இல்லாத சின்ன மோதலுக்குப் பெரும்பாலும் போலீஸக் கூப்பிட வேண்டியதில்ல, போட்டோ எடுத்து, விவரம் மாத்திக்கிட்டு, 24 மணி நேரத்துலயோ அடுத்த வேலை நாளுக்குள்ளயோ இன்சூரன்ஸ்ல ரிப்போர்ட் பண்ணிடுவோம். எனக்கும் அதான் மொதல்ல தோணுச்சு. அந்த அம்மாவும் "பரவால்ல பரவால்ல"ங்குற மாதிரிதான் கையாட்டுனாங்க, பணம் குடுத்து முடிச்சிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். நல்ல வேளை, மனைவி வாடகை ஒப்பந்தத்த எடுத்து வச்சிருந்தா. ஜப்பான்ல எவ்வளவு சின்ன மோதலா இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லணும், அது சட்டம். போலீஸ் பதிவு இல்லன்னா விபத்துச் சான்றிதழ் கெடைக்காது, சான்றிதழ் இல்லன்னா இன்சூரன்ஸ் கையக் கழுவிடும். அங்கேயே தனியா பேசி முடிச்சுக்கிட்டாலும் இன்சூரன்ஸ் செல்லாதுன்னு ஒப்பந்தத்துல தெளிவா போட்டிருந்துச்சு. 110 அடிச்சேன், இங்கிலீஷ்னு சொன்னதும் மொழிபெயர்ப்பாளர லைன்ல சேத்து விட்டாங்க. அடுத்து வாடகைக் கம்பெனியோட 24 மணி நேர நம்பர்.

போலீஸ் வர்றதுக்கு இருவது நிமிஷம். காடிய ஓரங்கட்டி, பிள்ளைங்களுக்கு ஹீட்டர் வேணுமேன்னு இன்ஜின ஓட விட்டிருந்தோம், பின்பக்கம் ரோட்டோர ஸ்னோ மேட்டுல ஒட்டி நின்னுச்சு. வந்த போலீஸ்காரர் லைசென்ஸக் கேக்கறதுக்கு முன்னாடியே நேரா பின்னாடி போயி, குனிஞ்சு, புகைக்குழாய சுத்தி இருந்த ஸ்னோவ காலால தள்ளி விட்டாரு. அப்பறம்தான் எனக்கு உறைச்சுச்சு. புகைக்குழாய் அடைச்சா கார்பன் மோனாக்சைடு காடிக்குள்ள வந்துடும், வாசனையே இருக்காது, ஸ்னோவுல மாட்டி நிக்குற காடில அதுலயே உசுரு போனவங்க இருக்காங்க. என் மொத்தக் குடும்பமும் உள்ள உக்காந்திருந்துச்சு. மோதுனத விட இதுதான் எனக்கு இன்னிக்கும் ராத்திரி தூக்கத்துல வருது.

ஏன் நிக்கல

வீடியோவயும் மேப்பயும் வச்சு அளந்து பாத்ததுல, நான் பிரேக் வச்சது முன் காடிக்கு 18 மீட்டர் முன்னாடி. இப்ப கணக்கப் பாருங்க. 30 கிலோமீட்டர் வேகத்துல, பிரேக் அமுக்குனதுக்கு அப்புறம் நிக்குற தூரம் மட்டும், காஞ்ச தார் ரோட்டுல ஏறக்குறைய 5 மீட்டர். இறுகின ஸ்னோவுல 14 மீட்டர். ஐஸ்ல 35 மீட்டர். 40ல போனா காஞ்ச ரோட்டுல 9, ஸ்னோவுல 25, ஐஸ்ல 60 மீட்டருக்கு மேல. வேகம் கொஞ்சம் கூடுனாலும் தூரம் எவ்வளவு கூடுதுன்னு பாருங்க. கண்ணு பாத்து, காலு பிரேக்குக்குப் போற அந்த ஒரு செகண்ட்ல 30ல போற காடி இன்னொரு 8 மீட்டர் ஓடிடும், அது இந்தக் கணக்குல சேரல.

அப்ப 18 மீட்டர் விட்டேன்னா, ஸ்னோ ரோட்டுக்கு அது சரியான கணக்கு, நாலு மீட்டர் மிச்சம்கூட இருக்கு. அந்தப் பார்க்கிங் லாட்ல என் காலு கத்துக்கிட்ட கணக்கு அதான், நாலு நாளா கிராமத்து ரோட்டுல அது தப்பவே இல்ல. முதல் 10 மீட்டர் வரைக்கும் ரோடும் அப்படித்தான் இருந்துச்சு, அதனாலதான் 30 இருந்தது 16, 17க்கு வந்துச்சு. மிச்சம் இருந்த 8 மீட்டர்தான் ஐஸ். அந்த எட்டு மீட்டர்ல பிரேக் செஞ்ச வேல அநேகமா பாதிதான், 8 கிலோமீட்டர் வேகம் மிச்சம் நின்னுடுச்சு.

சரி, சிக்னலுக்கு முன்னாடி மட்டும் ஏன் ஐஸ்? இதுதான் நான் இங்க வந்து தேடிப் படிச்சதுலயே என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம். முன்னெல்லாம் ஹொக்கைடோவுல ஸ்பைக் டயர்தான், இரும்பு ஆணி வச்சது, ஐஸக் குத்திக்கிட்டுப் போகும். ஆனா அந்த ஆணி தார் ரோட்டயும் அரைச்சு எடுத்துச்சு, ஸ்னோ உருகுற சமயத்துல ஊரே தூசி, ஜனங்க மூச்சுக்குள்ள போற அளவுக்கு. அதனால 1990ல சட்டம் போட்டு ஸ்பைக் டயர நிறுத்துனாங்க, அதுக்குப் பதிலா ஆணி இல்லாத ஸ்டட்லெஸ் டயர் வந்துச்சு, மிருதுவான ரப்பரு, முழுக்க பொடிப்பொடியா கீறல் போட்டிருக்கும். காத்து சுத்தமாச்சு. ஆனா ஆணி இருந்தப்ப ஐஸக் கீறிக் கரடுமுரடா வச்சிருந்துச்சு இல்லையா, இப்ப அது இல்ல. சிக்னல்ல ஆயிரக்கணக்கான காடி நிக்குது, கெளம்புறப்ப டயரு சுத்துது, ஸ்னோவத் தேச்சுத் தேச்சு மெழுகுன தரை மாதிரி ஆக்கிடுது. நின்ன காடியோட சூட்டுல மேல கொஞ்சம் உருகி, திரும்ப உறையுது. அதுக்கு அந்த ஊர்ல ட்சுருட்சுருன்னு பேரு. நம்ம வழவழ மாதிரியே ரெட்டைச் சொல்லு, அந்தப் போலீஸ்காரர் ரோட்டக் காட்டி அதச் சொன்னப்ப மொழிபெயர்ப்பு இல்லாமயே எங்கம்மாவுக்குப் புரிஞ்சுது.

அதோட அன்னிக்கு வெப்பநிலை. மைனஸ் 12ல ஐஸ் காஞ்சு கெடக்கும், கொஞ்சமாவது பிடி இருக்கும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல, மேல மெல்லிசா தண்ணிப் படலம் நிக்குறப்பதான் ரொம்ப வழுக்கும். நாங்க குளிர் கொறைஞ்சிடுச்சுன்னு நிம்மதியானோம், உண்மையில அந்தப் பயணத்துலயே ஆபத்தான ரோடு அன்னிக்குத்தான்.

நாலு சக்கர இழுவையும் எனக்கு ஒரு பொய் தைரியம் குடுத்துச்சு. கெளம்புறப்ப, மேடு ஏறுறப்ப அது ரொம்ப நல்லா ஒதவும், ஆனா பிரேக் எல்லாக் காடிலயும் நாலு சக்கரத்துலயும்தானே இருக்கு, நிக்குறதுக்கு அதால ஒரு ஒதவியும் இல்ல. சிரமமே இல்லாம கெளம்புற காடி சிரமமே இல்லாம நிக்கும்னு ஓட்டுறவன் மனசு தானா முடிவு பண்ணிக்குது.

வீடியோல இன்னொன்னு இருக்கு, அதத்தான் எல்லாருக்கும் போட்டுக் காட்டுறேன். பக்கத்து லேன் டாக்சி. நாங்க 30ல போறப்ப அந்த டாக்சி சிக்னலுக்கு 60, 70 மீட்டர் இருக்கறப்பவே வேகத்தக் கொறைச்சு, பிரேக் லைட்டு விட்டு விட்டு எரியுது, கடைசில ஆளு நடக்குற வேகத்துலதான் ஊர்ந்து போகுது. நான் அதப் பாத்தேன். பாத்து, பயணி யாரையோ ஏத்தப் போறாரு போலன்னு நெனச்சேன். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் எனக்குப் பக்கத்துலயே பாடம் நடத்திக்கிட்டிருந்திருக்காரு. இப்ப யாரு கேட்டாலும் நான் மொதல்ல சொல்றது இதான், டாக்சி எங்க மெதுவாகுதோ அங்க நீங்களும் மெதுவாகுங்க.

பாப்பாவோட கழுத்து

இத எழுதத்தான் இவ்வளவும் எழுதுறேன்னு வச்சுக்குங்க. நம்ம ஊர்ல 1.35 மீட்டருக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு அதுக்கேத்த சீட்டோ பூஸ்டரோ வேணும், இங்க எங்க காடில பாப்பாவுக்கு பூஸ்டர் எப்பவும் இருக்கு. ஜப்பான் சட்டப்படி ஆறு வயசுக்குக் கீழதான் கட்டாயம். வாடகைக்கு எடுக்குறப்ப கேட்டாங்க, வயசு என்னன்னு, ஏழுன்னு சொன்னேன், அப்ப கட்டாயமில்லன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். அவ உயரம் 1.19 மீட்டர். பெல்ட்டு தோள்ல உக்கார வேண்டியது கழுத்துல உக்காந்திருக்கு, தூக்கத்துல சரிஞ்சிருந்தா வேற, 8 கிலோமீட்டர் வேகத்துல மோதுனதுக்கே கழுத்து ஓரத்துல செவப்பா ஒரு கோடு. அன்னிக்கு ராத்திரி கிளினிக்ல பாத்து ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்க, மூனு நாள்ல கோடும் மறைஞ்சிடுச்சு. ஆனா அது 40ஆ இருந்திருந்தா? சட்டம் மாறுனதால பிள்ளையோட கழுத்து மாறிடாது. வாடகைக்குப் பூஸ்டர் கெடைக்கும், இல்லன்னா இங்கேந்தே தூக்கிட்டுப் போங்க, பெட்டில ஸ்வெட்டர் ரெண்டு கொறைஞ்சாலும் பரவால்ல.

அம்மா விஷயத்துலயும் ஒரு தப்பு இருந்துச்சு. தடியான குளிர்கோட்டு மேலேயே பெல்ட்டு போட்டிருந்தாங்க, கோட்டு அமுங்கினதுல பெல்ட்டு தொளதொளன்னு ஆகி, முன் சீட்டுல நெத்தி லேசா இடிச்சிருக்கு. எங்ககிட்ட மறுநாள்தான் சொன்னாங்க, "நீ ஏற்கனவே வெலவெலத்துப் போயிருந்த, அதான் சொல்லலப்பா"ன்னு. காடிக்குள்ள ஹீட்டர் இருக்கு, கோட்டக் கழட்டிட்டு பெல்ட்டு போடுங்க.

செலவு

சுருக்கமா சொல்லிடுறேன். எடுக்குறப்பவே முழு கவர் போட்டிருந்ததால சேதத்துக்கு நாங்க எதுவும் கட்டல, அந்த அம்மாவோட காடிச் செலவும் அதுலயே முடிஞ்சுது. ஆனா காடி வொர்க்‌ஷாப்ல நிக்குற நாளுக்கு ஒரு கட்டணம் தனியா இருக்கு, ஓட்டிக்கிட்டே திரும்பக் குடுத்தா 20,000 யென், ஓட்ட முடியாத நெலையில விட்டா 50,000 யென்னு எங்க ஒப்பந்தத்துல இருந்துச்சு. 20,000 கட்டினோம். சிங்கப்பூர்ல எடுத்த பயண இன்சூரன்ஸ்ல இந்தக் கட்டணம் வராதுன்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இந்தக் கட்டணத்தயும் சேத்து மூடுற கவர் கொஞ்சம் கூடுதல் காசுல இருந்துச்சு, வேணாம்னு டிக் எடுத்தது நான்தான். எடுத்திருக்கணும்.

மறுநாள் காடிய ஒப்படைச்சுட்டோம், மிச்சம் இருந்த ஒன்றரை நாளும் சப்வேதான். ஓடோரி பார்க் பக்கம் நடந்து போறப்ப தெரு மூலையில ஒரு பெட்டி இருந்துச்சு, முந்தின நாளும் அந்த மாதிரி ஒன்ன பாத்த ஞாபகம், குப்பைத்தொட்டின்னு நெனச்சிருந்தேன். ஒரு ஆளு அதத் திறந்து சின்னப் பை ஒன்ன எடுத்து, கிழிச்சு, கோழிக்குத் தீனி போடுற மாதிரி முன்னாடி தூவிக்கிட்டே ரோட்டக் கடந்தாரு. பொடிக்கல்லு மணல். வழுக்குற எடத்துல நடந்து போறவங்க யாரு வேணா எடுத்துத் தூவலாம்னு நகராட்சியே வச்சிருக்கு.

அம்மா அந்தப் பெட்டிக்கிட்ட போயி ஒரு பை எடுத்தாங்க. "நாம கடந்தாச்சேம்மா"ன்னேன். "பின்னாடி ஒரு அம்மா வராங்க பாரு"ன்னு சொல்லிட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டு, வந்த வழியே ரெண்டு எட்டு திரும்பிப் போயி தூவுனாங்க.